காத்திருக்கு, தண்ணியில்ல

ஜனவரி 12

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். நீயும் உன் வீட்டுக்காரியும் நலமாக இருப்பீர்கள் என்று நினைத்துக்கொள்கிறேன். நினைத்துக்கொள்வதோடு சரி, நீயாக எழுதி எனக்குத் தெரிந்தது எதுவும் இல்லை. போனில் பேசினால் "சரிக்கா, சரிக்கா" என்று வைத்துவிடுவாய். அதற்கும் இந்த மலையில் வழியில்லை. சாலை வளைவில் போய் நின்றால் ஒரு கோடு சிக்னல் வரும். குறுஞ்செய்தி போகும், பேச்சு போகாது. அதனால் கடிதம். தண்ணீர் லாரி ஓட்டும் ஆரன் கீழே போகும்போது தபாலில் சேர்ப்பான், உன் பதிலையும் அவனே வாங்கி வருவான். ஆரன் அவன் பெயர் இல்லை. அடிவாரத்தில் ஆரனில் வைத்த கையை உச்சிக்கு வந்துதான் எடுப்பான். அந்தச் சத்தம் கேட்டால்தான் இங்கே பெண்கள் குடத்தைத் தூக்குவார்கள்.

விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கம்பெனி இயந்திரம் போன வாரம் வந்து சேர்ந்தது. என் சுகாதார நிலையத்துக்குப் பின்னால், கல்குவாரிக்காரர்களின் லைன் வீடுகளுக்கு எதிரே நட்டிருக்கிறார்கள். ஒரு கம்பம், உச்சியில் மூன்று இறக்கை, அடியில் பீரோ மாதிரி ஒரு பெட்டி, பெட்டியில் ஒரு குழாய். உன் மேலாளர் வந்து பேசினார். "காற்றிலிருந்து தண்ணீர். காற்று உங்களுடையது, தண்ணீரும் உங்களுடையது" என்றார். கை தட்டினார்கள். கல் உடைக்கிற ஒருவர் மட்டும் எழுந்து, "அப்ப பெட்டி யாருது?" என்று கேட்டார். அவரை உட்கார வைத்துவிட்டார்கள்.

அதற்கு வந்த நாளிலிருந்து பந்தல், பூட்டு, தனிக் காவல்காரர். வேலை மட்டும் செய்யக் காணோம். அதனால் இங்கே அதற்கு மாப்பிள்ளை என்று பேர் வைத்துவிட்டார்கள். "மாப்பிள்ளை இன்னைக்காவது ஏதாச்சும் குடுத்தாரா?" என்று ஒருத்தி கேட்கிறாள். "எங்க குடுக்கறாரு? கழுத்தைத் திருப்பித் திருப்பி ஊரை வேடிக்கை பாத்துட்டு நிக்கறாரு" என்கிறாள் இன்னொருத்தி.

நான் கேட்பது இதுதான். என்னிடம் இருப்பது ஒரு பிரசவ அறை, இரண்டு கட்டில், மாடியில் ஒரு தொட்டி. ஆரன் வாரம் இரண்டு முறை வந்து நிரப்புகிறான். அந்தத் தண்ணீரில்தான் கை கழுவுகிறேன், கத்தரிக்கோலைக் கொதிக்க வைக்கிறேன், பிறந்த குழந்தையைத் துடைக்கிறேன். இங்கே துணியைப் பிழிந்து கொடியில் போட்டுவிட்டு அடுத்ததை எடுக்கக் குனிந்து நிமிர்வதற்குள் முதல் துணி காய்ந்துவிடுகிறது. என் துணியில் இருக்கிற தண்ணீரையே பிடுங்கிக் குடிக்கிற காற்று எனக்கு எப்படித் தண்ணீர் கொடுக்கும்? நீ படித்தவன், சொல்லு.

உடம்பைப் பார்த்துக்கொள். பதில் எழுது.

உன் அக்கா

*

ஜனவரி 27

அன்பு அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். இங்கே நலம். அவளுக்குக் கொஞ்சம் உடம்பு சரியில்லை. வாந்தி, வேறொன்றும் இல்லை.

இயந்திரத்தைப் பற்றிக் கவலைப்படாதே. குளிர்ந்த தண்ணீர் ஊற்றிய டம்ளரின் வெளிப்பக்கம் வேர்க்குமே, அதே வித்தைதான். இறக்கை சுற்றினால் உள்ளே ஒரு தகடு குளிரும். அந்தத் தகட்டில் காற்று பட்டால் அதிலிருக்கும் ஈரம் சொட்டும். யாரோ சொன்னதைக் கேட்டுச் சொல்லவில்லை, என் கையால் பூட்டிப் பார்த்தது. எங்கள் அலுவலக வாசலில் ஒன்று ஓடுகிறது. கடலைப் பார்த்த கட்டடம். ஓயாமல் சொட்டும். வருகிற விருந்தாளிகளுக்குக் கண்ணாடிக் கோப்பையில் பிடித்துக் கொடுக்கிறோம். மிச்சம் வாசல் செடிக்குப் போகிறது.

அங்கே உள்ள காவல்காரரிடம் ஒன்று சொல்லு. தினமும் வளைவுக்குப் போய், காற்று இருந்ததா இல்லையா என்று ஒரு குறுஞ்செய்தி அனுப்பினால் போதும். தண்ணீரை அளக்கிற சிரமமெல்லாம் வேண்டாம். காற்று இருந்தது என்று தெரிந்தால் எவ்வளவு தண்ணீர் வந்திருக்கும் என்று இங்கேயே கணக்குப் போட்டுக்கொள்வோம். வாசல் இயந்திரத்தை வைத்துப் போட்ட கணக்கு.

துணி காய்வதைப் பற்றி நீ எழுதியதை இரண்டு முறை படித்தேன். அதைப் பற்றிப் பிறகு எழுதுகிறேன்.

வேலை அதிகம், இத்துடன் நிறுத்துகிறேன்.

உன் தம்பி

*

பிப்ரவரி 19

அன்புத் தம்பிக்கு,

நான் நலம்தான், கோபத்தைக் கணக்கில் சேர்க்காவிட்டால். "வாந்தி, வேறொன்றும் இல்லை" என்று பிரசவம் பார்க்கிறவளுக்கே எழுதுகிறாய். எத்தனை மாதம்? உன் அலுவலகத்தில் உனக்குக் கற்றுக்கொடுத்த முதல் பாடமே மூடி மறைப்பதுதானா?

மாப்பிள்ளை சமாச்சாரம் கேள். பகலெல்லாம் பேய்க்காற்று. குவாரித் தூசியை வாரிக்கொண்டு வந்து என் ஜன்னலில் அறைகிறது. இறக்கை சுற்றுகிற வேகத்தில் கம்பம் முனகுகிறது. குழாயின் வாயில் கை வைத்துப் பார்த்தால் தூசிதான் ஒட்டுகிறது. விடியப்போகிற நேரத்தில் குளிர் இறங்குகிறது. அப்போது லைன் வீட்டுத் தகரக் கூரையைத் தடவினால் லேசாக ஈரம் தெரியும். அந்த நேரம் பார்த்து ஒரு இலை அசையாது. மாப்பிள்ளையும் அசைய மாட்டார். காற்று இருக்கும்போது ஈரம் இல்லை, ஈரம் இருக்கும்போது காற்று இல்லை. கல் சுமக்கிற ஒருத்தி இதைக் கேட்டுவிட்டுச் சொன்னாள்: "புருஷன் பகல் ஷிப்டு, பொண்டாட்டி ராத்திரி ஷிப்டு. அப்புறம் புள்ள எங்கேருந்து சிஸ்டர் வரும்?" உன் கம்பெனியில் இதைச் சொல்ல ஒரு ஆள் இல்லையா?

காவல்காரர் நீ சொன்னபடி தினமும் அனுப்பினார். பேசுகிற மாதிரியே எழுதுவார், சொல்லுக்கு நடுவே இடமெல்லாம் விடமாட்டார். "காத்திருக்கு தண்ணியில்ல." காற்று நின்ற நாளில், "காத்தில்ல தண்ணியில்ல." "தண்ணியை அவங்க கேக்கவே இல்லையே" என்றேன். "கேக்கலன்னா சொல்லக்கூடாதா?" என்றார். நல்ல மனிதர். போன வாரம் அவரை நிறுத்திவிட்டார்கள். இயந்திரம் தானாகவே ஓடுவதால் ஆள் வேண்டாமாம். கம்பெனி போனை என் மேஜையில் வைத்துவிட்டுப் போனார். இப்போது நான்தான் வேலை முடிந்து வளைவுக்கு நடக்கிறேன்.

அவளை இரும்புச் சத்து மாத்திரையை விடாமல் சாப்பிடச் சொல். எத்தனை மாதம் என்று எழுது.

அக்கா

*

மார்ச் 14

அன்பு அக்காவுக்கு,

தாமதத்துக்குத் திட்டாதே. ஐந்தாம் மாதம். "அண்ணிக்குச் சொன்னா கிளம்பி வான்னு சொல்லுவாங்க, அந்த மலைக்கு நான் எப்படிப் போறது" என்று அவள்தான் தயங்கினாள். நான் எழுதியிருக்க வேண்டும்.

ஈரத்தைப் பற்றி மேலாளரிடம் பேசினேன். உன் ஷிப்டுக் கதையைச் சொல்லாமல் படம் போட்டு விளக்கினேன். "நீங்க இஞ்சினியரா, வானிலை அறிக்கை வாசிக்கிறவரா?" என்று கேட்டார். அறையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

ஜூனில் என்னை நிரந்தரம் செய்ய வேண்டும். அவள் பேறுகாலம் அதற்கு அடுத்த மாதமே வரும். அதுவரை எதையும் கிளற வேண்டாம் என்று பார்க்கிறேன். கொஞ்சம் காத்திரு அக்கா.

உன் தம்பி

*

ஏப்ரல் 6

தம்பிக்கு,

நலமா என்று கேட்க இன்று வாய் வரவில்லை, ஆனாலும் அவள் எப்படி இருக்கிறாள் என்று எழுது.

இந்தக் கடிதத்தை ஆரன் கடைசி முறையாகக் கொண்டு இறங்குகிறான். இன்றைக்கு அவன் சத்தமே போடாமல் ஏறி வந்தான். யாரும் குடத்தோடு வெளியே வரவில்லை, லாரி வந்ததே தெரியாது. கதவருகே நின்று, "சிஸ்டர், உங்களுக்குத் தண்ணி கெடச்சிருச்சாமே. எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லல?" என்றான்.

"யாருடா சொன்னது?"

"பேப்பர் சொல்லுது."

நீர் அலுவலகம் கொடுத்த உத்தரவை நீட்டினான். இந்தக் குடியிருப்புக்கு நிலையான நீர் ஆதாரம் கிடைத்துவிட்டபடியால் லாரி சேவை நிறுத்தப்படுகிறது. நிலையான நீர் ஆதாரம் யார் தெரியுமா? மாப்பிள்ளை. ஜனவரியிலிருந்து இன்றுவரை அவர் கொடுத்ததில் ஒரு குழந்தையின் முகம் கழுவ முடியாது.

எனக்கு ஒன்று புரியவில்லை. நீ காத்திரு என்று எழுதிய நாளிலிருந்து நான் காற்றைப் பற்றியும் எழுதுவதில்லை, தண்ணீரைப் பற்றியும் எழுதுவதில்லை. தினமும் வளைவில் நின்று ஒரே ஒரு சொல்தான் அனுப்புகிறேன்: "காத்திருக்கோம்." அங்கே யாராவது ஒருத்தர் படித்து வெட்கப்படுவார் என்று நினைத்தேன். என்ன செய்தீர்கள் அந்தச் சொல்லை?

தொட்டியில் இருப்பது சில நாளைக்கு வரும். இந்த மாதம் நான்கு பேருக்கு நாள் குறித்திருக்கிறேன்.

அக்கா

*

ஏப்ரல் 21

அன்பு அக்காவுக்கு,

அவள் நன்றாக இருக்கிறாள். மாத்திரை சாப்பிடுகிறாள்.

உன் கடிதத்தை எடுத்துக்கொண்டு நேரே பதிவு எழுதுகிறவரின் மேஜைக்குப் போனேன். "அந்த மலையிலிருந்து என்ன செய்தி வருது?" என்றேன். "அமோகம் சார். தினமும் காத்திருக்கு, காத்திருக்குன்னுதான் வருது" என்றார்.

"காத்திருக்கோம்னு வருது. எடுத்துப் பாருங்க."

எடுத்துப் பார்த்தார். "அந்த வாட்ச்மேன் எப்பவுமே இப்படித்தான் சார், ஒட்டி ஒட்டி எழுதுவாரு. 'கு' அடிக்கப் போயி 'கோம்'னு விழுந்திருக்கும்."

காவல்காரர் போய்விட்டதும் போன் உன் கையில் இருப்பதும் அவருக்குத் தெரியாது. அவர் திரையில் இருப்பது இரண்டே கட்டம் அக்கா. காற்று உண்டு, காற்று இல்லை. காத்திருப்பவர்களுக்கு என்று ஒரு கட்டம் இல்லை. அதனால் உண்டு என்று போட்டுவிட்டார். உண்டு என்று போட்டால் பக்கத்துக் கட்டத்தில் தண்ணீர் அளவு தானாக விழும். வாசல் இயந்திரத்தின் கணக்கு.

முதலில் சிரிப்பு வந்தது. அதற்கு மேல் வரவில்லை.

மேலாளரிடம் போனேன். "அறிக்கை மேலிடத்துக்குப் போயாச்சு. இப்ப போயி எழுத்துப்பிழைன்னு சொன்னா மூஞ்சிய எங்கப்பா வெச்சுக்கறது?" என்றார்.

ஒரு வழிதான் தெரிகிறது. இனிமேல் "காத்தில்ல" என்று மட்டும் அனுப்பு. கட்டம் காலியானால் தண்ணீரும் காலியாகும். அதைப் பார்த்து அவர்களாகவே லாரியைத் திரும்ப விடுவார்கள்.

உன் தம்பி

*

ஜூன் 28

பொறியாளர் அவர்களுக்கு,

தங்கள் ஏப்ரல் கடிதம் இந்த மாதம்தான் கிடைத்தது. லாரி இல்லாததால் கீழே தபால் நிலையத்திலேயே கிடந்தது. குவாரியின் கல் லாரிக்காரரைக் கெஞ்சி வாங்கிவரச் செய்தேன். தாங்கள் நலம் என்று நம்புகிறேன். தங்கள் மனைவிக்கு எட்டு மாதம் முடிந்திருக்க வேண்டும். கால் வீங்கினால் உடனே டாக்டரிடம் காட்டவும்.

நாங்கள் காத்திருந்ததெல்லாம் அங்கே தண்ணீராக ஏறியிருக்கிறது என்று தெரிந்துகொண்டேன். பாராட்டுகள். இதற்கு இறக்கைகூடத் தேவையில்லையே, எந்த மலையிலும் செய்யலாம்.

இங்கே நடந்ததையும் தெரிந்துகொள்ளுங்கள். பிரசவத்துக்கு வருகிறவர்கள் இரண்டு குடம் தண்ணீரோடு வரவும் என்று வாசலில் எழுதி ஒட்டினேன். என் கையால் எழுதினேன். ஒருத்தி வலியோடு பள்ளத்து ஊற்றுக்கு இறங்கி ஏறி வந்தாள். வந்து சேர்ந்தபோது குடத்தில் பாதிதான் இருந்தது. அதற்கு என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். கையை ஸ்பிரிட்டால் துடைத்துக்கொண்டு பார்த்தேன். குழந்தைக்கு ஒன்றும் இல்லை. தாய்க்கு மறுநாள் காய்ச்சல் ஏறியது. கல் லாரியில் ஏற்றி மருத்துவமனைக்கு அனுப்பினேன். பிழைத்துக்கொண்டாள். அன்றைக்கு அறையைப் பூட்டினேன். இப்போது யாருக்கு வலி வந்தாலும் கல் லாரிதான். போன வாரம் ஒருத்தி பாதி வழியில், ஜல்லிக்கு மேலேயே பெற்றாள். திரும்பி வரும்போது அந்த லாரியில் தண்ணீர் ஏற்றி வரலாமா என்று குவாரி முதலாளியைக் கேட்டேன். "அதான் உங்களுக்கு மெஷினே குடுத்திருக்காங்களே" என்றார்.

தாங்கள் சொன்னபடி "காத்தில்ல" என்று அனுப்பத் தொடங்கியிருக்கிறேன். நேற்று அதை அனுப்பும்போது காற்று போனைக் கையிலிருந்து பிடுங்கப் பார்த்தது. பொய் சொல்வதற்கும் பிடிமானம் வேண்டியிருக்கிறது.

இப்படிக்கு,
பயனாளி

*

ஜூலை 17

அக்கா,

பயனாளி என்று போடாதே. திட்டிவிட்டுப் போ, அப்படிப் போடாதே.

"காத்தில்ல" வேலை செய்தது. நாம் நினைத்த மாதிரி இல்லை. மலையில் காற்று ஓய்ந்துவிட்டது என்று கூட்டம் போட்டார்கள். "காத்து இல்லன்னா என்ன, டீசல் இருக்கே" என்றார் மேலாளர். காற்றுக்குப் பதிலாக ஒரு ஜெனரேட்டர் அந்தப் பெட்டியை ஓட்டும். ஆணை ஆகிவிட்டது. டீசல் கொண்டுபோக மலைப்பாதை பழகிய லாரி ஒன்று தேவைப்பட்டது. அப்படி ஒரு ஓட்டுநர் சும்மா இருப்பதாக நீர் அலுவலகத்தில் சொன்னார்களாம். வாரம் இரண்டு முறை வருவான். யார் என்று உனக்கே தெரியும்.

"அந்த லாரியில தண்ணியையே ஏத்தி அனுப்பலாமே சார்" என்றேன். "தண்ணிக்கு ஒதுக்கீடு இல்லப்பா. டீசலுக்குத்தான் இருக்கு" என்றார். கேலிக்குச் சொல்லவில்லை, நிஜமாகவே விளக்கினார்.

எனக்கு நிரந்தரம் ஆகிவிட்டது.

தம்பி

*

ஆகஸ்ட் 25

அன்புத் தம்பிக்கு,

பொம்பளைப் பிள்ளையாமே. உன் அலுவலகத்தில் மிட்டாய் கொடுத்தார்களாம், டீசல் ரசீது வாங்க வந்த ஆரனுக்கும் ஒன்று கிடைத்ததாம். அத்தைக்காரிக்கு லாரி ஓட்டுநர் வந்து சொல்ல வேண்டியிருக்கிறது. போகட்டும். குழந்தைக்குத் தொப்புள் காய்கிற வரை பவுடர், எண்ணெய் எதுவும் போட வேண்டாம் என்று அவளிடம் சொல். இந்நேரம் காய்ந்திருக்கும். இருந்தாலும் சொல்.

ஆரன் வந்துவிட்டான். அடிவாரத்தில் பிடித்த சத்தத்தை உச்சியில்தான் விட்டான். பெண்கள் பழக்க தோஷத்தில் குடத்தோடு ஓடி வந்தார்கள். லாரியில் நீல டிரம்கள். "டீசல்" என்றான். குடத்தை இடுப்பிலிருந்து இறக்காமல் அப்படியே நின்றார்கள். அவனால் அதைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்கு அறைக்குள் வந்து என்னிடம் மெதுவாகக் கேட்டான்: "சிஸ்டர், அடுத்த தடவை டிரம்ல என்ன இருக்குன்னு எவன் வந்து மோந்து பாக்கப் போறான்?"

இப்போது வருகிற டீசல் நல்ல டீசல். வாடையே இல்லை. கை கழுவலாம், குழந்தையைக் குளிப்பாட்டலாம், குடிக்கவும் செய்யலாம். ஜெனரேட்டர் மேல் ஒரு கோழி அடைகாக்கிறது. பிரசவ அறையைத் திறந்துவிட்டேன். இந்த மாதம் மூன்று பேர், மூன்று பேரும் கட்டிலில்தான் பெற்றார்கள். டீசல் ரசீதைப் பார்த்து உன் கணக்கில் எவ்வளவு தண்ணீர் விழுகிறதோ ஏறக்குறைய அவ்வளவு இங்கே உண்மையாகவே இருக்கிறது. முதல் முறையாக உன் கணக்கு சரி.

இதற்கு மேல் எதுவும் கேட்காதே. குழந்தைக்கு என் முத்தம்.

அக்கா

*

செப்டம்பர் 22

அன்பு அக்காவுக்கு,

நீ கேட்காதே என்றாய், நான் கேட்கவில்லை.

மகள் நலம். அவளும் நலம். பிறந்த அன்று எழுத உட்கார்ந்தேன், முடியவில்லை. மருத்துவமனையில் நர்ஸ் குழந்தையைத் துடைக்கக் குழாயைத் திருகினார். வெந்நீர் வந்தது. எல்லோரும் குழந்தையைப் பார்த்தார்கள். நான் குழாயைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

உன் மலை இப்போது எங்கள் அலுவலகத்தின் பெருமை. சுவரில் படம் மாட்டியிருக்கிறார்கள், மாப்பிள்ளை நடுவில், நீ ஓரத்தில். இதே மாதிரி பன்னிரண்டு மலைகளுக்கு அனுமதி கேட்கிறார்கள். முதலாவது உன் எதிர் மலை. நட்டுக்கொடுக்கும் பொறுப்பு எனக்கு. இத்துடன் ஒரு சான்றிதழ் வைத்திருக்கிறேன். இயந்திரம் குறைவில்லாமல் தண்ணீர் தருகிறது என்று சுகாதார நிலையத்தின் சார்பில் நீ கையெழுத்திட வேண்டும். அது வந்ததும் எதிர் மலைக்குப் போகும் தண்ணீர் லாரியை நிறுத்த உத்தரவு ஆகும். கையெழுத்து இல்லாவிட்டால் உன் டீசலும் நின்றுவிடும் என்று மேலாளர் சொல்லச் சொன்னார். சொல்லிவிட்டேன்.

போன வாரம் அங்கே போய் இடம் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு சுகாதார நிலையம். பிரசவ அறையில் ஒரே கட்டில். ஒரு நர்ஸ், வயது குறைவு. பின்பக்கம் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். நீ ஜனவரியில் கேட்டதற்குப் பதில் பிறகு எழுதுகிறேன் என்று சொல்லியிருந்தேன் அல்லவா.

அங்கேயும் சீக்கிரம் காய்ந்துவிடுகிறது.

தம்பி

*

அக்டோபர் 9

எதிர் மலை சிஸ்டருக்கு,

முகம் தெரியாத அக்கா ஒருத்தியின் வணக்கம். நீ வயதில் சின்னவள் என்று கேள்விப்பட்டேன், அதனால் நீ என்றே எழுதுகிறேன். ராத்திரியில் உன் நிலையத்து விளக்கு என் ஜன்னலில் தெரியும். அது எரிகிற நாளில், அங்கே யாருக்கோ வலி என்று நினைத்துக்கொள்வேன்.

கூடிய சீக்கிரம் உன் வாசலுக்கு ஒரு கம்பமும் ஒரு பெட்டியும் வரலாம். நட வருகிற பொறியாளர் என் கூடப் பிறந்தவன். கெட்டவன் இல்லை. அவனுக்கு எல்லாம் தெரியும், சொல்லத்தான் வாய் வராது. நீ உரக்கக் கேள்.

எங்கள் மலையில் அது பிரமாதமாக வேலை செய்கிறது என்று ஒரு சான்றிதழ் என்னிடம் கையெழுத்துக்கு வந்தது. நான் போடவில்லை. காற்று நன்றாக அடித்த ஒரு நாள் பார்த்து, குழாய்க்கு அடியில் ஒரு வாளியை வைத்தேன். விடிந்து எடுத்துப் பார்த்தேன். வாளியின் அடி நனைந்திருந்தது, அவ்வளவுதான். சாய்த்தால் ஓரத்தில் ஒரு கோடாக ஓடியது. அதைச் சான்றிதழின் பின்பக்கம் எழுதினேன். பிரசவ அறை இத்தனை நாள் நடந்தது லாரியில் வந்த தண்ணீரில், டீசல் டிரம்களில் அதைக் கொண்டுவரச் சொன்னவள் நான், ஓட்டுநர் இல்லை என்றும் எழுதினேன். நீர் அலுவலகத்துக்கு ஒன்று, கம்பெனிக்கு ஒன்று, என் தம்பிக்கு ஒன்று. இது உனக்கு.

இதைக் கொண்டுவருகிற ஓட்டுநருக்கு என் மேல் கோபம். "நீங்க சத்தியத்துக்குப் பொறந்தவங்க சிஸ்டர், நான் லாரிக்கு வாக்கப்பட்டவன். ஏதோ ஓடிட்டிருந்துச்சு, நீங்களே டயரைக் குத்திட்டீங்க" என்றான். "அந்த மலைக்கும் தண்ணி ஓட்டறவன் ஒருத்தன் இருக்கான்ல? நாளைக்கு அவனும் சத்தம் போடாம ஏறி வரணுமா?" என்றேன். கடிதங்களை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தான். அடுத்த வாரம் வருவானா தெரியாது. தொட்டி இன்றைக்கு நிரம்பியிருக்கிறது. உள்ளே கட்டிலில் ஒருத்தி படுத்திருக்கிறாள், சாயங்காலத்துக்குள் ஆகிவிடும். அவளுக்குப் போதும். அவளுக்கு அடுத்தவளுக்கு இருக்குமா என்று சொல்ல முடியாது. நடுநடுவே கட்டிலருகே போய்வந்து எழுதுகிறேன், கோணல் எழுத்தைப் பொறுத்துக்கொள்.

அவர்கள் வந்தால் காற்று இருக்கிறதா என்று கேட்பார்கள். காற்றைப் பற்றிச் சொல்லாதே. வாளியில் விழுந்ததை மட்டும் சொல். உன் லாரியை நிறுத்தப் பேப்பர் வந்தால், வாளியை அவர்கள் மேஜையில் கொண்டுபோய் வைக்கிற வரை கையெழுத்துப் போடாதே. கோபம் வந்தால் கெட்ட வார்த்தையில்கூட எழுது, தப்பில்லை.

காத்திருக்கோம் என்று மட்டும் எழுதிவிடாதே. அதைத் தண்ணீர் என்று எழுதிக்கொள்வார்கள்.

உடம்பைப் பார்த்துக்கொள், தங்கச்சி.

இந்த மலை அக்கா